சத்தம் போடாத தூசி

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது மாமாவைப் பார்க்கப் போயிருந்தேன். (தாய்மாமா. அம்மாவுக்கு நேர் இளையவர்.) வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வா மாப்ள" என்றார். அடுத்த வார்த்தை வர கொஞ்ச நேரம் ஆனது. பேச்சுக்கு நடுவே மூச்சை இழுத்துக்கொள்கிறார். ஒரு காலத்தில் லாரி டயரை ஒத்தை ஆளாகத் தூக்கி வைத்தவர், இப்போது தெருக்கோடி டீக்கடைக்குப் போய் வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்.

எங்கள் ஊர் சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவில் இருக்கிறது. பேரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது என்பதால் கேட்கிறவர்களிடம் சிவகாசி என்றே சொல்லிவிடுவேன். உடனே வரும் அடுத்த கேள்வி எனக்கு மனப்பாடம். "பட்டாசு வெடிக்குற ஊராச்சே, பயமா இருக்காதா?"

பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயத்தில்தான் தாத்தா என் மாமாவைப் பட்டாசு ஆபீசுக்கு அனுப்பவில்லை. (எங்கள் பக்கம் ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ஃபேன் போட்ட ரூமை நினைத்துக்கொள்ளாதீர்கள்.) தாத்தாவின் பங்காளி ஒருவர் மருந்துக் கலவை ரூமில் கருகிப் போயிருந்தார். "எம் பையன் வெடிமருந்துப் பக்கமே போகக்கூடாது. நாலு வண்டிய கழட்டி மாட்டட்டும், உசுருக்குச் சேதாரமில்ல" என்று சொல்லி 1984-இல், பதினைந்து வயதில், ஒரு லாரி ஒர்க் ஷாப்பில் கொண்டுபோய் விட்டார்.

அங்கே மாமாவுக்குக் கிடைத்தது பிரேக் வேலை. எங்கள் பக்கம் லாரிக்குப் பஞ்சமே கிடையாது. பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர், விருதுநகர் பருப்பு, மிளகாய் வத்தல் எல்லாம் லாரியில்தான் வெளியே போகும். போய்த் திரும்பும் லாரிக்குப் பிரேக் தேய்ந்திருக்கும்.

அந்த வேலையைச் சின்ன வயசில் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஜாக்கி வைத்து வீலைக் கழட்டி, டிரம்மை இழுத்தால் உள்ளே சாம்பலும் கறுப்புமாகத் தூசி ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். கம்ப்ரஸர் பைப்பை எடுத்து ஏர் அடிப்பார்கள். புகை மாதிரி எழும்பி, ஷெட் முழுக்கச் சுற்றி, அப்புறம் மெதுவாக இறங்கும். கண்ணை மூடிக்கொள்வார்கள், வாயை யாரும் மூடியதாக ஞாபகம் இல்லை. அடுத்து ஷூவிலிருந்து பழைய லைனிங்கைத் தட்டி எடுக்க வேண்டும். புது லைனிங்கில் துளை போட்டு, பித்தளை ரிவிட் அடித்து, டிரம்முக்குச் சரியாக உட்காரும் வரை அரம் போட்டோ கிரைண்டரில் பிடித்தோ தேய்க்க வேண்டும். அந்தத் தூசியின் நிறம் வேறு, இளஞ்சாம்பல். மாமாவின் புருவத்தில் அது ஒட்டியிருந்தால் வயசானவர் மாதிரி இருப்பார். "நரைச்ச மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று அத்தை கிண்டல் செய்வார். காக்கிச் சட்டையைக் குழாயடியில் உதறித் துவைப்பதும் அத்தைதான்.

இது எதையும் நான் ஒரு விஷயமாக நினைத்ததே கிடையாது. மெக்கானிக்கல் மூன்றாம் வருஷத்தில் செமினாருக்கு உராய்வுப் பொருட்கள் பற்றி ஒரு தலைப்பு வந்தது. சுலபமாக இருக்கும் என்று எடுத்தேன். நம்ம மாமா வேலைதானே!

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று அருமையான பேர் ஒன்று உண்டு. பாறைதான், ஆனால் பஞ்சு மாதிரி பிரியும். நெருப்பில் எரியாது, இழுத்தால் லேசில் அறுபடாது, விலையும் மலிவு. பிரேக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் இதை லைனிங்கில் புகுத்தினார். பிறகு உலகத்தில் ஓடிய பெரும்பாலான வண்டிகள் கல்நாரைத் தேய்த்துத்தான் நின்றன. லைனிங்கின் எடையில் பாதி வரைகூட அது இருக்கும்.

பிரச்சினை அந்த நாரில்தான். பிரியப் பிரிய அது தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லிசாகப் போகும். கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விட்டால் உடம்பால் அதைக் கரைக்கவோ முழுக்க வெளியே தள்ளவோ முடியாது. நாரைச் சுற்றி வடு விழுந்து, பஞ்சு மாதிரி விரிய வேண்டிய நுரையீரல் விறைத்துப் போகிறது. அதுதான் ஆஸ்பெஸ்டாசிஸ். நுரையீரல் புற்றுநோய் வரலாம். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் மீசோதீலியோமா என்ற புற்றுநோயும் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை எல்லா வகைக் கல்நாரையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது காலக்கணக்கு. இந்த நோய்கள் மூச்சில் தூசி போன அன்றைக்கு வருவதில்லை. பத்து, இருபது, சிலருக்கு நாற்பது வருஷம் கழித்துத்தான் தலை காட்டும். செமினாருக்குத் தயார் செய்துகொண்டிருந்த ராத்திரியில் 1984-ஐயும் இந்த வருஷத்தையும் கழித்துப் பார்த்தேன்.

இந்த இடத்தில் நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மெக்கானிக்குகளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய சண்டை உண்டு. பிரேக் பிடிக்கும் சூட்டில் கல்நார் உருமாறி வேறு கனிமமாகிவிடுகிறது என்றும், தேய்ந்த தூசியில் மிச்சமிருக்கும் நார் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும் ஒரு தரப்பு சொல்கிறது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மெக்கானிக்குகளிடம் நடந்த பல ஆய்வுகளில் மீசோதீலியோமா தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. கார் கம்பெனிகள் கோர்ட்டில் இதைத்தான் காட்டுகின்றன. அந்த ஆய்வுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது பார் என்று எதிர்த்தரப்பு கேட்கிறது. இரண்டையும் படித்துவிட்டு எனக்குத் தோன்றியது இதுதான். சூடேறித் தேய்ந்த தூசிக்கு அந்த வாதம் பொருந்தலாம். புது லைனிங்கைத் துளைத்து, அரம் போட்டுத் தேய்க்கும்போது பறப்பது சூடே படாத பச்சைக் கல்நார். அமெரிக்க மெக்கானிக் பெரும்பாலும் தயாராக வந்த ஷூவை எடுத்து மாட்டுகிறார். என் மாமா ஒரு நாளைக்கு எட்டு, பத்து ஷூவுக்கு அரம் போட்டார். அங்கேயே 1994 முதல் பிரேக் வேலைக்குச் சட்டம் கறாராகத்தான் இருக்கிறது. கம்ப்ரஸர் காற்று அடித்துத் தூசியை ஊதக்கூடாது, ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி வெளியே வராத பெட்டிக்குள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

அத்தை சட்டையை உதறியதைச் சொன்னேன் அல்லவா? 1965-இல் வெளியான ஒரு லண்டன் ஆய்வில், கல்நார் ஆலைக்குள் காலே வைக்காமல், வீட்டில் உள்ளவர்களின் வேலைத் துணி வழியாக மட்டுமே தூசிபட்டு மீசோதீலியோமா வந்தவர்கள் பதிவாகியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இன்னும்கூடச் சொல்லவில்லை.

இனி எங்கள் ஊர்க் கதை ஒன்று. தீக்குச்சியில் ஆரம்ப காலத்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. அதன் புகைபட்டுத் தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகும். 1888-இல் லண்டனில் தீப்பெட்டிப் பெண்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்தின்போது அந்த நோயும் பேசப்பட்டது. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் தடைச் சட்டம் வந்தது 1913-இல். சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தது 1920-களின் தொடக்கத்தில். தொழில் ஊருக்குள் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாலேயே அந்த விஷம் சட்டத்தால் வெளியே போய்விட்டது! எங்கள் ஊர்த் தீப்பெட்டி ஆபீஸில் குழந்தைகள் உழைத்தார்கள், தீப்பிடித்துச் செத்தார்கள், எல்லாம் நடந்தது. தாடை அழுகவில்லை. யாரும் மாஸ்க் போட்டுத் தப்பிக்கவில்லை. பொருளே இல்லை, அவ்வளவுதான்.

கல்நாருக்கு அப்படி நடக்கவில்லை. ஐரோப்பிய யூனியன் முழுக்க 2005-இல் தடை. கனடா ஒரு காலத்தில் உலகத்துக்கே ஏற்றுமதி செய்த நாடு. அங்கே ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்த ஊர் ஒன்று இருந்தது. 2018-இல் கனடா தடை செய்தது, 2020-இல் அந்த ஊர் தன் பேரையே மாற்றிக்கொண்டது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்கு 2024-இல் தடை விதி கொண்டுவந்தது. இந்தியாவில் புதுச் சுரங்கக் குத்தகையை 1986-லேயே நிறுத்திவிட்டார்கள், இறக்குமதியை நிறுத்தவில்லை. ரஷ்யாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருஷத்துக்கு லட்சக்கணக்கான டன் வருகிறது, பெரும்பங்கு கூரை ஷீட்டுக்கு. (மாமாவின் ஷெட்டுக்கும் அதே ஷீட்தான் கூரை.) புது வண்டிகளில் கம்பெனி மாட்டி அனுப்பும் லைனிங் இப்போது பெரும்பாலும் கல்நார் இல்லாதது. ஸ்பேர் கடையில் அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. எந்த விலையில் வேண்டும் என்பதுதான் அங்கே முதல் கேள்வி.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் தப்பு. அகமதாபாத்திலுள்ள நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் போட்ட வழக்கில் 1995 ஜனவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் ஆரோக்கியம் வாழும் உரிமையின் பகுதி என்ற தீர்ப்பு அது. ஒவ்வொரு கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டபின் 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றார்கள். நோய் உறுதியானவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு. சட்டப்படி ஆஸ்பெஸ்டாசிஸ் என்பது டாக்டர் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்.

படிக்கும்போது புல்லரித்தது. அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பதிவேடு வைக்க வேண்டியது தொழிற்சாலை. 1948-ஆம் வருஷச் சட்டப்படி மின்சாரம் ஓடும் இடத்தில் 10 பேராவது வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. 2020-இல் இயற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணை 20 ஆக்கிவிட்டது. மாமா வேலை பார்த்த ஒர்க் ஷாப்பில் முதலாளியையும் டீ வாங்கப் போகும் பையனையும் சேர்த்து ஆறு பேர். பிறகு அவரே போட்ட ஷெட்டில் மூன்று பேர்.

நோட்டில் பேர் இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று பிறகு புரிந்தது. நியூயார்க்கில் டாக்டர் இர்விங் செலிகாஃப் 1960-களில் கல்நார் ஆபத்தை மறுக்க முடியாதபடி நிரூபித்தார். அவருக்குக் கிடைத்த பெரிய ஆயுதம் தொழிற்சங்கத்தின் உறுப்பினர் பட்டியல். 1942 கடைசியில் பட்டியலில் இருந்த 632 பேரைத் தேடித் தேடி, யார் எதனால் செத்தார்கள் என்று எண்ணினார். மும்பையில் கல்நார் கலவைப் பொருள் செய்யும் ஒரு ஆலையில் 181 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2005-இல் வந்த ஆய்வில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு ஆஸ்பெஸ்டாசிஸ். ஆலை என்று ஒன்று இருந்ததால் எண்ண முடிந்தது. நம் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரச்சினை பாதரசம். ஆலை 2001-இல் மூடியது, 15 வருஷம் போராடி 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு உடன்பாடு வந்தது. அவர்களுக்கும் கேட் இருந்தது, கம்பெனி பேர் இருந்தது.

பட்டாசு விபத்திலும் அப்படித்தான். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 பேர். காப்பாற்ற ஓடிப் போனவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி, சாத்தூர் பக்கம் அச்சன்குளம், 20 பேருக்கு மேல். அன்றைக்கே பேர்ப் பட்டியல் வந்துவிடும், மந்திரி வருவார், நிவாரணம் அறிவிப்பார்கள். அந்தப் பணமும் விசாரணையும் போதும் என்று சொல்ல வரவில்லை. செத்தவர் எதனால் செத்தார் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

மாமாவுக்கு நாலு வருஷம் முன்னால் இருமல் விடாமல் வந்தது. ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். சளிப் பரிசோதனையில் கிருமி வரவில்லை, ஆனாலும் ஆறு மாசம் மாத்திரை. மூச்சு முட்டுவது நிற்கவில்லை. வேறொரு டாக்டர் பீடியால் வந்தது என்றார். அதுவும் பொய்யில்லை, மாமா நாளுக்கு ஒரு கட்டு பீடி குடித்தவர். 1979-இல் செலிகாஃப் குழு சொன்ன கணக்கு ஒன்று உண்டு. நுரையீரல் புற்றுநோயால் சாகும் வாய்ப்பு, கல்நார் மட்டும் பட்டவருக்கு 5 மடங்கு, புகைப்பவருக்கு ஏறத்தாழ 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவருக்கு 53 மடங்கு. பீடி இருக்கிறது என்பதால் தூசி குற்றமற்றதாகிவிடாது.

இத்தாலியில் ரமாஸினி என்று ஒரு டாக்டர் இருந்தார். நோயாளியிடம் என்ன வேலை பார்க்கிறாய் என்று கட்டாயம் கேட்க வேண்டும் என்று 1700-லேயே எழுதி வைத்தார். மாமாவிடம் கேட்டேன், "இத்தனை டாக்டர பாத்தீங்களே, யாராவது என்ன வேலன்னு கேட்டாங்களா மாமா?"

யோசித்தார். "ஒருத்தரு கேட்டாரு. மெக்கானிக்னு சொன்னேன். அவரு வண்டிக்கு கிளட்ச் அடிக்குதுன்னு சொன்னாரு."

சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடிந்தது.

மாமாவுக்கு வந்திருப்பது ஆஸ்பெஸ்டாசிஸ் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்கு நான் டாக்டர் இல்லை. அதை உறுதி செய்ய ஸ்கேனும் நுரையீரல் பரிசோதனையும் வேண்டும், கூடவே எத்தனை வருஷம் எந்தத் தூசியில் வேலை பார்த்தார் என்ற விவரமும் வேண்டும். அந்தக் கடைசி விவரம் எந்த ஆபீஸிலும் கிடைக்காது.

மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். இப்போது அதைப் பார்ப்பது மாமா பையன், என் மச்சான். செடிக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் கலந்து கொண்டுபோய், ஏர் அடிக்காமல் இதை அடித்துத் துடை என்றேன். "மருந்துக்குத்தான் தண்ணி ஆகாது, பிரேக்குக்கும் ஆகாதுடா" என்று சிரித்தான். மாட்டுவதற்குள் காய்ந்துவிடும் என்று விளக்கினேன். முதல் வீலுக்கு அடித்துத் துடைத்தான். நிஜமாகவே தூசி எழும்பவில்லை. இரண்டாவது வீலுக்கு வரும்போது டிரைவர் அவசரப்படுத்தினார், கம்ப்ரஸர் பைப் கைக்கு வந்துவிட்டது. நான் வெளியே வந்து நின்றேன். மச்சான் கோபித்துக்கொள்ளவில்லை, பாட்டிலைத் திருப்பித் தரவும் இல்லை. அலமாரியில் கிரீஸ் டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறான்.

சாயங்காலம் ஒரு நூறு பக்க நோட்டு வாங்கினேன். மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். 1984 முதல் 1991 வரை முதல் ஒர்க் ஷாப், பிரேக் வேலை. 1991 முதல் இன்னொரு இடம், லைனிங் ஒட்டுவது, கிரைண்டர். 2003-இல் சொந்த ஷெட். ஒரு நாளைக்கு எத்தனை ஷூ, அரம் போட்டது எத்தனை மணி நேரம், ஷெட்டுக்கு எத்தனை வாசல். எந்த வருஷம் முதல் மாடி ஏறினால் இரைக்கிறது. கூட வேலை பார்த்த ஐந்து பேரில் மூன்று பேர் இப்போது இல்லை. என்ன ஆனது என்று கேட்டேன். ஒருவர் ஆக்ஸிடென்ட். மற்ற இருவருக்கும் "நெஞ்சு சளி" என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டேன். அடுத்த மாசம் மதுரையில் நுரையீரல் டாக்டரைப் பார்க்கப் போகிறோம், நோட்டை எடுத்துக்கொண்டு.

மூடி வைக்கப் போனபோது மாமா கையைப் பிடித்தார்.

"பீடியையும் எழுதிரு மாப்ள. நாளைக்கு அதச் சொல்லி மத்ததப் பூராம் தள்ளிவிட்டுறப் போறாய்ங்க."

தினம் ஒரு கட்டு, 1987 முதல் என்று எழுதினேன்.